பத்து மணி விமானமும் மூன்று மணி விமானமும்: இரவில் நெல்லைக்கு வந்து சேரும் கணக்கு

என் அக்கா மகன் தோஹாவில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வரும்போது டிக்கெட் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் வரும். சென்ற முறை வீட்டில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்ததால், மனைவி குழந்தையோடு நெல்லை ஜங்ஷன் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். "மாமா, ரெண்டு விமானம் இருக்கு. ஒண்ணு ராத்திரி பத்து மணிக்குத் திருவனந்தபுரத்துல இறங்குது, இன்னொண்ணு விடிய மூணு மணிக்கு. பத்து மணிதான நல்லது?" என்று கேட்டான். மூன்று மணி விமானத்தையே போடு என்றேன். அவனால் நம்ப முடியவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு விடிய மூன்று மணிக்கு யாராவது இறங்குவார்களா என்று அவன் மனைவி கேட்டதும் போனில் காதில் விழுந்தது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தலைகீழாக இருக்கிறது. பத்து மணிக்கு விமானம் தரையைத் தொட்டால், குடியேற்றச் சோதனை, பெட்டிக்காகக் காத்திருப்பது, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர பதினொன்றே கால் ஆகும். அங்கிருந்து நெல்லைக்கு ஏறக்குறைய 150 கி.மீ. காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜங்ஷனில் இறங்கும்போது மணி இரண்டரை. ஊரே உறங்கும் நேரம். லாட்ஜின் இரும்புக் கதவு பாதி இறக்கியிருக்கும், வரவேற்பு மேசைக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்திருப்பவரை எழுப்ப வேண்டும். மூன்று மணிக்கு இறங்குகிறவரோ நாலேகால் மணிக்கு வெளியே வந்து, ஏழரை மணிக்கு வெளிச்சத்தில் ஜங்ஷனில் இருப்பார். டீக்கடை திறந்திருக்கும், ஆட்டோ இருக்கும், டவுன் பஸ் ஓடும், போன் செய்தால் சொந்தக்காரர்கள் எடுப்பார்கள். இரவுப் பயணத்தில் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதைவிட, எந்த மணிக்குப் போய்ச் சேருகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். இதைப் பலர் டிக்கெட் போட்ட பிறகுதான் யோசிக்கிறார்கள்.

இந்தக் கணக்கு நமக்கு ஏன் இவ்வளவு அவசியம் என்றால், நெல்லைக்கென்று சொந்தமாக ஒரு விமான நிலையம் கிடையாது. மூன்று பக்கமும் மூன்று இருக்கின்றன. கிழக்கே வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம் 30 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். வடக்கே மதுரை, தென்மேற்கே திருவனந்தபுரம். இவை இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், 150 கி.மீ. சுற்று. மற்ற ஊர்களில் விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்குப் போவது அரை மணி நேரப் பாடு. நமக்கு அது தனியாக ஒரு பயணம்.

வெளிநாட்டு விமானங்கள் ஏன் அர்த்த ராத்திரியில் வருகின்றன என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. துபாயையும் தோஹாவையும் மையமாக வைத்து இயங்கும் விமானச் சேவைகள் அலை அலையாக விமானங்களை அனுப்புகின்றன. ஐரோப்பாவிலிருந்து பகலில் கிளம்பியவர்கள் மாலையும் இரவுமாக அங்கே வந்து இறங்க, அவர்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு அலை இந்தியப் பக்கம் கிளம்பும். அதே விமானங்கள் விடியலில் இங்கிருந்து ஆள் ஏற்றித் திரும்பினால்தான், அங்கே காலையில் மேற்கே போகிற விமானங்களைப் பிடிக்க முடியும். இதோடு நேர வித்தியாசமும் சேர்கிறது. துபாயைவிட நம் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தோஹா, குவைத், ரியாத் என்றால் இரண்டரை மணி நேரம். தோஹாவில் இரவு எட்டு மணிக்கு ஏறி நாலரை மணி நேரம் பறந்தால் இங்கே விடிய மூன்று மணி. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு நேரே விமானம் ஏறுகிறவர்களுக்கும் அந்த நேரம் தோதாக இருக்கிறது. ஆகவே இது எளிதில் மாறப்போவதில்லை. நாம்தான் அதற்கு ஏற்றபடி திட்டம் போட வேண்டும்.

திருவனந்தபுரத்துக்கு ஒரு தனி விஷயம் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசித் திருவிழாக்களின் கடைசி நாளில் சுவாமி சங்குமுகம் கடற்கரைக்கு ஆராட்டு என்ற நீராட்டுக்குப் போகிற ஊர்வலம் விமான ஓடுபாதையைக் கடந்துதான் போகும். அதற்காக ஆண்டுக்கு இரண்டு முறை, மாலை தொடங்கி இரவு வரை சில மணி நேரம் விமானப் போக்குவரத்தையே நிறுத்திவைக்கிறார்கள். விமான நிலையம் வருவதற்கு முன்பிருந்தே இருந்த வழி அது, அந்த மரியாதையை இன்றும் காப்பாற்றுவது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த நாட்களில் மாலை, இரவு விமானங்களின் நேரம் மாறும். ஆராட்டுத் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது.

அங்கே உள்நாட்டு முனையமும் பன்னாட்டு முனையமும் ஓடுபாதையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. ஒன்று சங்குமுகம் பக்கம், மற்றொன்று சாக்கை பக்கம். வழக்கமாகக் கூட்டிவரப் போகிற டிரைவருக்கு இது தெரியும். முதல் முறை போகிறவர் தப்பான பக்கம் போய் நின்றால் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். சாக்கை பக்கம் வெளியே வந்தால் நேரே புறவழிச்சாலை. கோவளம் வழியாகத் தமிழ்நாட்டு எல்லை அருகே காரோடு வரை நால்வழிச் சாலை வந்துவிட்டது. திருவல்லத்தில் ஒரு சுங்கச்சாவடி. எல்லை தாண்டிய பிறகுதான் வேகம் குறையும். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று ஊர் முடியாமல் ஊர் தொடங்கும் பாதை. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்ததில் கொஞ்சம் நிம்மதி. நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்து காவல்கிணறில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால், வள்ளியூர், நாங்குநேரி வழியாக நெல்லை வரை ஒரே ஓட்டம். தூரத்தில் நாகர்கோவில் பாதிகூட இல்லை, நேரத்தில் பாதிக்கு மேல் அதுவரைக்கே போய்விடும். முப்பந்தல் காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் தெரிய ஆரம்பித்தால் நம் சீமைக்கு வந்தாயிற்று என்று குழந்தைகளுக்குச் சொல்லலாம்.

கார் இல்லாமலும் வரலாம். விமான நிலையத்திலிருந்து தம்பானூர் பேருந்து நிலையம் அரை மணி நேரத் தூரம்தான், அங்கேயே எதிரில் ரயில் நிலையம். தம்பானூரிலிருந்து நாகர்கோவில் வடசேரிக்கு ஒரு பஸ், வடசேரியிலிருந்து நெல்லைக்கு இன்னொரு பஸ். நாகர்கோவில் - நெல்லை இடையே எங்கும் நிற்காத எண்ட் டு எண்ட் பஸ்கள் வேகமாகக் கொண்டுவந்து விட்டுவிடும். தோள்பையோடு வருகிற ஒற்றை ஆளுக்கு இது நல்ல வழி. மூன்று பெட்டி, ஒரு அட்டைப்பெட்டி, உறங்கும் குழந்தை என்று வருகிறவர்களுக்கு நடு இரவில் இரண்டு முறை பஸ் மாறுவது வேண்டாத சோதனை.

காருக்கு வருவோம். மூன்று மணி விமானத்தைச் சிபாரிசு செய்துவிட்டு அதில் உள்ள ஆபத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. விடிய நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை மனித உடம்பு உறக்கத்துக்கு இழுக்கிற நேரம். நெல்லையிலிருந்து கூட்டிவரப் போகிற டிரைவர் பகல் முழுக்க வேறு சவாரி ஓட்டியிருப்பார், இரவு பத்து மணிக்குக் கிளம்பி மூன்று மணி நேரம் ஓட்டியிருப்பார், வாகனம் நிறுத்துமிடத்தில் கொசுக்கடியோடு காத்திருந்திருப்பார். அதன் பிறகு 150 கி.மீ. திரும்ப ஓட்ட வேண்டும். நால்வழிச் சாலை நேராகவும் காலியாகவும் இருப்பது இந்த நேரத்தில் உதவி அல்ல, தாலாட்டு. பகலில் கடை பார்த்துவிட்டு, மச்சானைக் கூப்பிட்டுவரச் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு போகிறவர் விஷயத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடும். பாசத்தில் போகிறார்கள், புரிகிறது. ஆனால் வண்டியில் குடும்பமே இருக்கிறது.

இதற்கு நான் செய்வது இதுதான். வண்டி பேசும்போதே, அன்றைக்குப் பகலில் சவாரி எடுக்காத டிரைவர் வேண்டும் என்று கேட்டுவிடுவேன். மாலையிலேயே கிளம்பிப் போய் அங்கே நாலு மணி நேரம் உறங்கட்டும், அதற்குக் கூடுதல் பேட்டா கொடுக்கலாம். இல்லையென்றால் திருவனந்தபுரத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ ஒரு வழி டிராப் வண்டி பேசலாம், அவர் வீட்டில் உறங்கிவிட்டு வந்திருப்பார். கேரளப் பதிவெண் வண்டி எல்லை தாண்டுவதென்றாலும், நம் வண்டி அங்கே போவதென்றாலும் பெர்மிட் செலவு யார் பொறுப்பு, சுங்கக் கட்டணம் வாடகையில் சேர்ந்ததா, பேட்டா எவ்வளவு என்று மூன்றையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். நாங்குநேரி சுங்கச்சாவடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கணக்குப் பேசுவது யாருக்கும் மரியாதை இல்லை.

சரி, மதுரை. சிங்கப்பூர், கொழும்பு, துபாய் போன்ற ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கும், சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் விமானங்களில் வருகிறவர்களுக்கும் மதுரை கைகொடுக்கும். பெருங்குடியில் இருக்கிற விமான நிலையம் மதுரைக்குத் தெற்கே இருப்பது நமக்கு வசதி. காரில் வந்தால் மதுரை ஊருக்குள் போகாமலே சுற்றுச்சாலையைப் பிடித்துக் கப்பலூர், திருமங்கலம் என்று இறங்கிவிடலாம். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு, கங்கைகொண்டான், தாழையூத்து வழியாக இரண்டரை மணி நேரத்தில் நெல்லை. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று மூன்று சுங்கச்சாவடிகள். திருவனந்தபுரம் வழியைவிட இந்தப் பாதை சுகமானது என்பதில் சந்தேகமே இல்லை.

பஸ்ஸில் வருவதென்றால் மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டும். நெல்லை, நாகர்கோவில், தூத்துக்குடி பஸ்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அது விமான நிலையத்துக்கு எதிர்த்திசையில், ஊரின் மறு பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறிய பஸ் சுற்றுச்சாலை வழியாக விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மண்டேலா நகர் சந்திப்பையே கடந்து வரும்! அதைப் பார்த்துவிட்டுச் சந்திப்பிலேயே நின்று கைகாட்டி ஏறிவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். பகலில் ஒருவேளை நடக்கும். இரவில் பெட்டியோடு சாலையோரம் நிற்கிறவருக்காக வேகமாக வருகிற பஸ் நிற்குமா, நின்றாலும் உட்கார இடம் இருக்குமா என்பதெல்லாம் அதிர்ஷ்டம். அரை மணி நேரம் போனால் போகட்டும் என்று மாட்டுத்தாவணிக்கே போய் உட்கார்ந்த இடத்தில் உறங்கி வருவது நல்லது. இரவு முழுக்க பஸ் உண்டு. சென்னையிலிருந்து வரும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், நெல்லை எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்களும் நள்ளிரவுக்குப் பிறகும் விடியலிலும் மதுரையைத் தொட்டுப் போகின்றன. முன்பதிவு கிடைத்திருந்தால் அதைவிட நல்ல வழி கிடையாது. ஜங்ஷனிலேயே இறக்கிவிடும்.

வாகைக்குளத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கிறது, முக்கால் மணி நேரத்தில் பாளையங்கோட்டை. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டி, புது முனையத்தையும் 2025 ஜூலையில் திறந்திருக்கிறார்கள். சின்ன விமானங்கள் மட்டுமே இறங்கிய இடத்தில் பெரிய விமானங்கள் இறங்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ மாறி வாகைக்குளத்துக்கு வரும்படி டிக்கெட் போட முடியுமானால், இந்தக் கட்டுரையின் பாதிக் கவலைகள் அவர்களுக்கு இல்லை. நெல்லை - தூத்துக்குடி சாலையிலேயே இருப்பதால் பஸ்ஸும் உண்டு, ஆனால் இடையில் நிற்காத பஸ்கள் அங்கே நிற்காது. வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலம் அடிக்கடி பழுதாகி ஒரு பக்கமாகவே வண்டிகளை விடுவார்கள், அதற்கு ஒரு பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, வந்து சேர்ந்த பிறகு நடக்கிற குழப்பம். பெரிய தூரத்தைத் தாண்டி வந்தவர்கள் கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் திண்டாடுகிறார்கள். வெளியூர்க்காரர் ஓட்டல் பதிவு செய்யும் தளத்தில் நகர மையம் என்று தேடுவார். நெல்லையில் மையம் என்று ஒன்று கிடையாது. டவுன் என்றால் நமக்கு நெல்லையப்பர் கோயிலும் நான்கு ரத வீதிகளும். ஜங்ஷன் என்றால் ரயில் நிலையமும் அதைச் சுற்றிய கடைத்தெருவும். இரண்டையும் 1973-ல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் இணைக்கிறது. இவை ஆற்றுக்கு இந்தக் கரையில்; அந்தக் கரையில் வண்ணார்பேட்டையும் பாளையங்கோட்டையும், நடுவில் 1843-லிருந்து நிற்கும் சுலோச்சன முதலியார் பாலம். இதெல்லாம் போக, வேய்ந்தான்குளத்தில் புது பஸ் ஸ்டாண்ட், ஜங்ஷனிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி. பழைய லாட்ஜுகள் பெரும்பாலும் ஜங்ஷனைச் சுற்றியும், புது ஓட்டல்கள் பல வண்ணார்பேட்டைப் பக்கமும் இருக்கின்றன. டவுனில் ஆனித் தேரோட்டச் சமயத்தில் ரத வீதிகளுக்குள் வண்டியே நுழைய முடியாது.

வெளியூர் பஸ் இறக்கிவிடுவது வேய்ந்தான்குளத்தில். பகலில் அங்கிருந்து ஜங்ஷனுக்கு நிமிடத்துக்கு ஒரு பஸ். நள்ளிரவுக்குப் பிறகு ஆட்டோதான். அதுகூடப் பரவாயில்லை. நாகர்கோவில், கன்னியாகுமரி, திருவனந்தபுரம் என்று நம்மைத் தாண்டிப் போகிற சில பஸ்களும் ஆம்னி பஸ்களும் இரவில் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். தாழையூத்து விலக்கு, வண்ணார்பேட்டை பைபாஸ், கே.டி.சி. நகர் என்று எங்கே வேண்டுமானாலும் அது இருக்கலாம். உறக்கக் கலக்கத்தில் இறங்கி, பஸ் போன பிறகுதான் இது எந்த இடம் என்று பார்ப்போம். ஏறும்போதே "அண்ணாச்சி, புது பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுமா, பைபாஸா?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுவது ஒரு பழக்கமாக இருக்க வேண்டும். நெல்லையோடு நிற்கிற பஸ்ஸில் ஏறினால் இந்தக் கேள்வியே வராது. பத்து நிமிடம் தாமதமானாலும் அதில் ஏறுவதே என் வழக்கம். தனியாக வருகிற பெண்களுக்கு இதை நான் இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். பைபாஸில் இறங்கும் நிலை வந்தால், இறங்குவதற்கு முன்பே வண்டி வந்து நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், 112 என்ற எண்ணைப் போனில் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். ஜங்ஷன் ரயில் நிலைய வாசலில் ரயில் வரும் நேரமெல்லாம் ஆட்டோவும் ஆள் நடமாட்டமும் உண்டு, அங்கே இறங்குவதில் உள்ள தைரியம் பைபாஸில் இல்லை.

லாட்ஜ் விஷயத்தில் பலர் ஏமாறுவது தேதியில்தான். என் குடும்பத்திலேயே நடந்தது. ஒரு முறை தங்கை குடும்பம் 12-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு விமானத்தில் இறங்கி, விடிய இரண்டரை மணிக்கு ஜங்ஷனுக்கு வந்தது. வந்து சேர்கிற நேரம் 13-ஆம் தேதி என்பதால் அறையை 13-ஆம் தேதிக்குப் பதிவு செய்திருந்தார்கள். லாட்ஜ் கணக்கில் அது 13-ஆம் தேதி மதியம் 12 மணியிலிருந்து. அன்றைக்கு முகூர்த்த நாள் வேறு, ஒரு அறையும் காலி இல்லை. நாலு பேரும் வரவேற்பறை நாற்காலியில் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். தவறு லாட்ஜுடையது அல்ல, பதிவு செய்த நாங்கள் யோசிக்கவில்லை. விடிய இரண்டு மணிக்கு வருகிறவர் முந்தின நாள் தேதிக்கு அறை எடுக்க வேண்டும். அந்த இரவு முந்தின நாளோடு சேர்ந்தது.

நம் பக்கத்து லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. காலை ஏழரைக்கு அறைக்குள் போனால் மறுநாள் காலை ஏழரைக்குக் காலி செய்தால் போதும். மூன்று மணி விமானத்தில் வருகிறவருக்கு இதைப்போல் பொருத்தமானது எதுவும் இல்லை. வந்ததும் குளித்துவிட்டு, சாப்பிட்டு, மதியம் வரை உறங்கலாம், ஒரு நாள் வாடகைதான். மதியம் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் பெரிய ஓட்டல் என்றால் முந்தின இரவுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது மதியம்வரை காத்திருக்க வேண்டும். பதிவு செய்யும் முன் எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், தளத்தில் பணம் கட்டியாயிற்று என்று சும்மா இருக்காமல், முந்தின நாள் மாலை லாட்ஜுக்கே ஒரு போன் போட்டு, இத்தனை மணிக்கு வருவோம் என்று சொல்லிவிட வேண்டும். குலசை தசரா, திருச்செந்தூர் கந்த சஷ்டி, வளர்பிறை முகூர்த்தம் என்றால் நெல்லை லாட்ஜுகள் நிரம்பி வழியும். சொல்லாமல் தாமதமாக வருகிறவருக்காகக் காலி அறையை யாரும் பூட்டி வைத்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் கூட வந்தால், அவர்கள் விவரங்களை அரசிடம் பதிவு செய்வது லாட்ஜின் கடமை. எல்லா லாட்ஜும் அந்த வேலைக்குத் தயாராக இருப்பதில்லை. அதையும் அதே போனில் கேட்டுவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் இந்தக் கணக்கு எல்லாமே மாறும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் இடுப்பளவுக்கு மேல் தண்ணீர், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ரயிலோடு மாட்டிக்கொண்டார்கள். அப்படி ஒரு எச்சரிக்கை இருக்கும் இரவில் இறங்கினால், விமான நிலையம் இருக்கும் ஊரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, வெளிச்சம் வந்த பிறகு சாலையைக் கேட்டுவிட்டுக் கிளம்புவதே சரி. மழை இல்லாத இரவிலும், பத்து மணி விமானத்தைத் தவிர வேறு வழியே இல்லாதவர்களுக்கு நான் சொல்வது அதுதான். தம்பானூரிலோ மதுரையிலோ ஐந்து மணி நேரம் உறங்கிவிட்டு முதல் பஸ்ஸோ ரயிலோ பிடித்து வரட்டும். இரண்டரை மணிக்கு ஜங்ஷனில் கதவைத் தட்டுவதற்கு ஆகிற காசும் அலைச்சலும் அதைவிடக் குறைவாக இருந்து நான் பார்த்ததில்லை.

அக்கா மகன் கடைசியில் மூன்று மணி விமானத்தில்தான் வந்தான். நாகர்கோவில் டிரைவர், உறங்கி எழுந்து வந்தவர். ஏழே முக்காலுக்கு லாட்ஜ் வாசலில் வண்டி நின்றது. குழந்தை அப்போதுதான் கண் விழித்தது. எதிர்க் கடையில் முதல் ஈடு இட்லி இறக்கிக்கொண்டிருந்தார்கள்.